எடுக்காமல் விட்ட டிக்

அத்தியாயம் பதினொன்று

விசாரணைக் கமிட்டி நான்கு மணிக்குக் கூடுகிறது. மருத்துவமனை நூலகத்தின் சுவர்க் கடிகாரம் பதினொன்றேகால் காட்டியபோது மைக் அதை ஐந்தாவது முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் கடிகாரத்தை யாரோ மிரட்டி வெச்சிருக்காங்க மேடம். எவ்வளவு வேகமா ஓடுது பாருங்க."

ஸ்டெனோ சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததும் நல்லதுதான். அன்றைக்கு மைக் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவனுக்கே சிரிப்பு வரவில்லை. வாய் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மைக் என்பது சிநேகிதர்கள் வைத்த பெயர். வாயை அணைக்க ஸ்விட்ச் கிடையாது என்பதால் வந்தது. முப்பத்தாறு வயதாகியும் அது மாறவில்லை. ஸ்டெனோ என்பது ஊரே வைத்த பெயர். இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்று, மற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்பும் வயதில் துப்பறியும் அலுவலகத்துக்குப் பலகை மாட்டிய அம்மாள். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். அவர் பென்சிலால் நோட்டில் கிறுக்குவதை அவரைத் தவிர உலகத்தில் யாரும் படிக்க முடியாது. ஏழு வருடமாக மைக் அவருக்குக் கை, கால், ஸ்கூட்டர், கம்ப்யூட்டர் எல்லாம்.

இந்த முறை வழக்கு வெளியிலிருந்து வரவில்லை. குற்றம் சாட்டப்பட்டிருப்பது மைக்கின் சொந்த அக்கா. இந்த நூலகத்தின் நூலகர். பதினெட்டு வருட சர்வீஸ்.

நடந்தது இதுதான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் குழந்தைகள் வார்டிலிருந்து டாக்டர் ஃபோன் செய்தார். ஒன்பது வயதுப் பெண். வலிப்புக்கு ஒரு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். காய்ச்சலுக்கு இன்னொன்று சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கல்லீரலைக் கெடுத்ததாக எங்காவது கட்டுரை வந்திருக்கிறதா, உடனே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அக்கா ஆய்வுக் கட்டுரைகளின் டேட்டாபேஸில் தேடி, இருபத்து மூன்று தலைப்புகளை அச்செடுத்து அனுப்பினாள். அதில் ஒன்றுகூட ஆபத்து என்று சொல்லவில்லை. மருந்து கொடுத்தார்கள். ஆறாம் நாள் அந்தப் பெண்ணின் கண் மஞ்சளாகிவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்னமும் வார்டில்தான் இருக்கிறாள். கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தால் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

கமிட்டிக்காரர்கள் அதே வார்த்தைகளைப் போட்டு, அதே தேதி வரை தேடியபோது வந்தது அறுபத்தொரு கட்டுரைகள். அக்கா அனுப்பியதில் முப்பத்தெட்டு இல்லை. அந்த முப்பத்தெட்டில் மூன்று கட்டுரைகள், குழந்தைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதே என்று பட்டவர்த்தனமாகச் சொல்லியிருந்தன. பதினெட்டு வருட அனுபவசாலி தவற விட்டிருக்க முடியாது, மருந்துக் கம்பெனிக்காக வேண்டுமென்றே மறைத்திருக்கிறார் என்பது கமிட்டியின் சந்தேகம். அவள் மேஜையில் அந்தக் கம்பெனியின் காலண்டர் வேறு நின்றுகொண்டிருந்தது. மாலை அது தீர்மானமானால் வேலை போகும், அடுத்த நாள் போலீஸ் வீட்டுக்கு வரும்.

அக்காவோ எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருந்தாள். "நான்தான் தேடினேன். நான்தான் கவனிக்கலை."

காலையில் உள்ளே வரும்போது அந்தப் பெண்ணின் அப்பா வாசலில் நின்றிருந்தார். லாரி ஓட்டுபவர். விசாரணை மாடியில் நான்கு மணிக்குத்தான் என்று தெரிந்தும் ஒன்பதுக்கே வந்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் பை நிறைய ரிப்போர்ட்டுகள். நான்கு மாதமாக மகளின் கண்ணைப் பார்த்துப் பார்த்து, யாரிடம் பேசினாலும் முதலில் கண்ணின் வெள்ளையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டிருந்தது. மைக்கையும் அப்படித்தான் பார்த்தார்.

"நீங்க துப்பறியறவங்களாமே. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல தம்பி. யாருன்னு மட்டும் தெரியணும். ஏன்னு தெரியணும். பாப்பா கேக்கறா."

"தெரிஞ்சா முதல்ல உங்ககிட்டதாண்ணே வந்து சொல்வேன்" என்று மைக் அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான். அக்கா குற்றவாளி இல்லை என்று அவனுக்குத் தெரியும். அதை இந்த மனுஷரிடம் நிரூபிக்க வேண்டும் என்ற வெறி காலையிலிருந்தே அவனை உட்காரவிடவில்லை.

ஸ்டெனோ இரண்டு பட்டியல்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு இந்த இங்கிலீஷ் தலைப்பெல்லாம் வேண்டாம். ஒரு கேள்வி. ஒருத்தி ஒரு லெட்டரை மறைக்கணும். என்ன பண்ணுவா?"

"அந்த லெட்டரை எடுத்து ஒளிச்சு வெப்பா."

"தபால் மூட்டையையே கொளுத்துவாளா?"

மைக் நிமிர்ந்தான்.

"ஆபத்துன்னு சொன்னது மூணு. காணாமப் போனது முப்பத்தெட்டு" என்றார் ஸ்டெனோ. "மூணை மறைக்க நினைச்சவ முப்பத்தஞ்சை எதுக்குச் சேர்த்துத் தூக்கறா? அப்படி அள்ளிக்கிட்டுப் போறது மனுஷன் இல்ல, மிஷின். அந்த முப்பத்தெட்டுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாரு. கோர்ட்டுல நான் எழுதினதை விட, 'இதைக் குறிப்பிலேர்ந்து நீக்கவும்'னு ஜட்ஜ் சொன்னதைத்தான் அதிகமா ஞாபகம் வெச்சிருப்பேன். விட்டுப் போனதுலதான் விஷயம் இருக்கும்."

மைக் பென்சிலை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். பச்சைக் குழந்தைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் கதை. மறுபடியும் குழந்தைகள். இருபதைத் தாண்டும்போதே அவன் விரல் வேகமெடுத்துவிட்டது.

"முப்பத்தொண்ணு குழந்தைங்களைப் பத்தினது மேடம். அனுப்பின இருபத்து மூணுல ஒரு குழந்தைகூட இல்ல. ஃபில்டர். வயசு ஃபில்டர்."

"தமிழ்ல சொல்லு."

சொல்வதில் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதெல்லாம் அக்கா கற்றுக்கொடுத்தது. நூலகத்தில் அவளுக்காகக் காத்திருக்கும் நேரங்களில், சும்மா இருந்தால் நீ யாரையாவது வம்புக்கு இழுப்பாய் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

"வார்த்தையைப் போட்டுத் தேடினா ஆயிரக்கணக்குல வந்து கொட்டும் மேடம். அதைக் குறைக்கத்தான் இடது பக்கம் வரிசையா கட்டம் இருக்கும். எந்த வருஷத்துலேர்ந்து வேணும், எந்த பாஷை, ஆராய்ச்சி மனுஷங்க மேல நடந்ததா எலி மேல நடந்ததா, அவங்களுக்கு என்ன வயசு. எது வேணுமோ அதுல டிக் போட்டா மத்ததை மிஷின் கண்ணுலயே காட்டாது. நல்லாத் தேடறவன் முதல்ல வெறும் வார்த்தையைப் போட்டு மொத்தம் எத்தனைன்னு பார்ப்பான். அப்புறம் ஒவ்வொரு டிக்கா போட்டு, ஒவ்வொண்ணும் எத்தனையைக் கழிக்குதுன்னு பார்ப்பான். எடுத்தவுடனே அஞ்சு டிக் போடறவன் கண்ணைக் கட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டற மாதிரி. இது அக்கா சொன்னது, நான் சொல்லலை."

"குழந்தையைப் பத்தின கேள்விக்கு, பெரியவங்க மட்டும்னு உங்க அக்கா டிக் போடுவாளா?"

"சாவுற வரைக்கும் போட மாட்டா."

"அப்ப அது ஏற்கெனவே போட்டிருந்தது."

மைக் ஒரு நிமிடம் வாயடைத்துப் போனான். அவன் வாழ்க்கையில் அது பெரிய இடைவேளை.

"ஆமா மேடம். முன்னாடி உக்காந்தவன் போட்ட டிக். அவன் வார்த்தையை அழிச்சுட்டுப் போனாலும் டிக் அழியாது. வெளியேறி மறுபடி நுழைஞ்சாத்தான் போகும், இல்லேன்னா 'எல்லாம் நீக்கு'ன்னு தனியா ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கணும். பிரிண்ட்ல தலைப்பு மட்டும்தான் வரும், என்ன டிக் இருந்துச்சுன்னு வராது. இவ அவசரத்துல அது மேலயே தேடிட்டா. வேணும்னு பண்ணலைங்கறதுக்கு இதை விட என்ன வேணும்? அப்படி டிக்கைப் போட்டுட்டு அம்போன்னு விட்டுட்டுப் போனவன் வடிகட்டின முட்டாள். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"மிச்சம் ஏழு?" என்று ஸ்டெனோ குறுக்கே வெட்டினார். "முப்பத்தெட்டுல முப்பத்தொண்ணு போனா ஏழு."

மைக் பார்த்தான். ஏழும் பெரியவர்களைப் பற்றியதுதான். ஆனால் ஏழுக்கும் பக்கத்தில், சுருக்கம் மட்டும் கிடைக்கும் என்று குறிப்பு இருந்தது. முழுக் கட்டுரையைப் படிக்க இந்த நூலகத்துக்குச் சந்தா இல்லை.

"ரெண்டாவது டிக். முழுக் கட்டுரை கிடைக்கறது மட்டும் காட்டுன்னு."

"யார் அதைப் போடுவா?"

"இங்க வேலை செய்யற டாக்டர் போட மாட்டார். அவருக்குச் சுருக்கம் கிடைச்சாப் போதும், மிச்சத்தை அக்கா வேற லைப்ரரிக்கு எழுதி வாங்கிக் குடுப்பா. முழுசா, இப்பவே, இங்கயே படிச்சுட்டுக் கிளம்பணும்னு நினைக்கறவன்தான்..."

"வெளியாள்" என்று முடித்தார் ஸ்டெனோ. "அவசரக்காரன். அவனுக்கு வேண்டியது ஒரு பெரிய ஆளைப் பத்தின விஷயம். பாதித் தூரம் வந்துட்டோம். வா."

வெளியாட்கள் கையெழுத்துப் போடும் பதிவேடு வாசல் கவுண்ட்டரில் இருந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு அக்காவின் மேல் உயிர். கேட்ட மாத்திரத்தில் நான்கு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். அன்றைக்கு ஒரே ஒரு வெளியாள். அதே மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வந்தது பத்தேகால், போனது பத்து நாற்பது.

"மாட்டினான்" என்றான் மைக். "காலண்டர் குடுத்த கை இதுதான்."

"இரு. அவர் என்ன விக்கறார்?" என்று ஸ்டெனோ கவுண்ட்டர் அம்மாளைக் கேட்டார்.

"குழந்தைங்க சிரப்புதாங்க. பையில எப்பவும் பொம்மை போட்ட பாட்டிலா வெச்சிருப்பார். ரீடிங் ஹால் மிஷின்ல கொஞ்ச நேரம் பார்த்துட்டு டாக்டருங்களைப் பார்க்கப் போயிடுவார்."

"குழந்தை சிரப் விக்கற ஆளு, பெரியவங்க மட்டும்னு எதுக்கு டிக் போடணும் மைக்? அதுவும் ஹால்ல இருக்கற மிஷின். உன் அக்கா தேடினது அவ ரூம்ல இருக்கற மிஷின்ல."

மைக் காற்று இறங்கிய டயர் போல ஆகிவிட்டான். "அப்ப அந்த ரூமுக்குள்ள யார் போனா? பதிவேட்டுல வேற பேரே இல்லையே."

"உள்ள போறவங்க எல்லாரும் கையெழுத்துப் போடறதில்ல தம்பி" என்றார் கவுண்ட்டர் அம்மாள், பதிவேட்டை மூடிக்கொண்டே. "ஸ்டாஃபோட வீட்டு ஆளுங்ககிட்ட நான் கேக்கறதே இல்ல. என் மருமகன் வருவான், உங்க அக்காவைப் பார்க்க நீங்க வரீங்க. நீங்க என்னிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"என் கையெழுத்தைப் பார்த்தா பிரிஸ்கிரிப்ஷன்னு நினைச்சு யாராவது மருந்து குடுத்துடுவாங்கம்மா. அதான் போடறதில்ல" என்று மைக் சிரித்தான்.

ஸ்டெனோவின் பென்சில் நோட்டில் நின்றுவிட்டது. மைக் அதைக் கவனித்தான். முனை உடைந்திருக்கும் என்று நினைத்து, சட்டைப்பையிலிருந்து வேறு பென்சில் எடுத்து நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"உன் அக்காவைப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா மாடியில், விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சஸ்பெண்ட் ஆனவர்கள் நூலகத்துக்குள் வரக்கூடாதாம். பெஞ்சின் மறு கோடியில் அந்தப் பெண்ணின் அப்பா. இருவருக்கும் நடுவில் நான்கு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

மைக் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கொட்டினான். இரண்டு டிக், வெளியாள், வேண்டுமென்று செய்யவில்லை என்பதற்கான ருசு. சொல்லச் சொல்ல அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தான். அது வெளிறிக்கொண்டே போயிற்று.

"உனக்கு முன்னாடி உன் சீட்டுல உக்காந்தது யாருக்கா?"

"யாரும் இல்ல."

"யாரோ இருந்திருக்காங்க. யார் எப்ப என்ன தேடினாங்கன்னு மிஷின்ல ஹிஸ்டரி இருக்கும், அதைப் பார்த்தாத் தெரிஞ்சுடும்."

"தம்பி, அதை விட்டுடு. பார்க்காதே."

"ஏன்?"

"விட்டுடுன்னா விட்டுடு. நான்தான் தேடினேன். நான்தான் கவனிக்கலை. இதுக்கு மேல எதையும் கிளறாதே."

மைக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா யாரையோ காப்பாற்றுகிறாள். இருபது வருடமாகத் தனக்கென்று ஒரு ஆள் இல்லாமல் இருந்தவள், யாரோ ஒருத்தனுக்காகத் தன் கழுத்தைக் கொடுக்கப் பார்க்கிறாள். அந்த டாக்டரா? கமிட்டியில் இருக்கும் எவனாவதா? எவனாக இருந்தாலும் இவள் இங்கே உட்கார்ந்திருக்கும்போது அவன் எங்கேயோ நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே ஸ்டெனோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் ஏதோ பேசி முடித்தது போல இருந்தது. ஒரு வார்த்தையும் அவன் காதில் விழவில்லை.

படி இறங்கும்போது ஸ்டெனோ நின்றார். "மைக், நீ போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வா. அந்த ஹிஸ்டரியை நான் போய்ப் பாக்கறேன்."

"நீங்களா? மவுஸைப் பார்த்தா நாற்காலி மேல ஏறி நிக்கற ஆளு நீங்க."

"கவுண்ட்டர் அம்மாகிட்டக் கேட்டுக்கறேன்."

"அவங்க உங்களுக்கு மேல. மேடம், மணி ரெண்டரை. என் அக்கா தலை போகப் போகுது. எனக்குப் பசிக்கலை."

ஸ்டெனோ அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வழி விட்டார்.

அக்காவின் அறை அவள் விட்டுப்போனபடியே இருந்தது. அவள் சால்வை நாற்காலி முதுகில் தொங்கியது. காலண்டர் இரண்டு மாதம் பின்னால் நின்றிருந்தது. மிஷினில் நூலகத்தின் கணக்கு எப்போதும் திறந்தே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் போட்டு நுழைவது தொல்லை என்று பகல் முழுக்க அப்படியே விட்டுவைப்பது இங்கே வழக்கம். அக்காவுக்குப் பதிலாக வருகிறவரும் அதை மாற்றவில்லை. மைக் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். தேடல் வரலாறு என்ற இடத்தைத் தட்டினான். அழித்திருப்பாளோ என்று பயந்தான். அழிக்கவில்லை. பதினெட்டு வருடம் பதிவுகளைக் காப்பாற்றியவளுக்கு ஒரு வரியை அழிக்க மனசு வந்திருக்காது. கமிட்டிக்காரர்களுக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரிந்திருக்காது.

அந்தத் தேதிக்குப் போனான்.

"ஒண்ணு பன்னெண்டுக்கு அக்கா தேடினது இருக்கு மேடம். ரெண்டு மருந்துப் பேரு, கல்லீரல். டிக் ரெண்டு. பத்தொன்பது வயசுக்கு மேல, முழுக் கட்டுரை. இருபத்து மூணு. நாம சொன்னது அட்சரம் பிசகலை." அவன் குரல் உயர்ந்தது. "அதுக்கு முன்னாடி, பன்னெண்டு நாற்பத்தொண்ணு. அதே ரெண்டு டிக். இதோ, இவன்தான். என்ன தேடியிருக்கான் பாருங்க. தூக்கத்துல நடக்கறது. தூக்கத்துல நடக்கும்போது அடுத்தவங்களை அடிக்க..."

குரல் பாதியில் நின்றது.

தூக்கத்தில் நடக்கும் வியாதி. தூக்கத்தில் நடக்கும்போது ஒருவன் அடுத்தவரை அடிக்க முடியுமா. பெரியவர்கள். முழுக் கட்டுரை.

ஸ்டெனோ நோட்டைப் பின்னால் புரட்டினார். அவருக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் புரட்டினார்.

"மாமனாரை அடிச்ச மாப்பிள்ளை கேஸ்" என்றார் மெதுவாக. "தூக்கத்துல நடந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னான். அப்படி நடக்குமான்னு உன்னை லைப்ரரியில தேடிப் பார்த்துட்டு வரச் சொன்னேன். நீ ரெண்டு மணிக்கு ஆபீசுக்கு வந்து பதினாலு கட்டுரைன்னு சொன்னே. தேதி போட்டிருக்கேன்."

திரையில் பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் பதினான்கு என்று இருந்தது.

மைக்குக்கு எல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. அக்காவைச் சாப்பிட அழைத்துப் போக வந்திருந்தான். அவளை ஏதோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். இதே நாற்காலியில் உட்கார்ந்து தேடினான். அவள் திரும்பி வந்ததும் ஃபோன் அடித்தது. வார்டிலிருந்து அவசரம் என்று சொல்லி அவனை நாற்காலியிலிருந்து எழுப்பினாள். எழுந்துகொண்டே சொன்னான். சல்யூட் வேறு அடித்தான். "எல்லாத்தையும் துடைச்சு வெச்சுட்டேன்கா. பெருக்கிக் கோலம் போட வேண்டியதுதான் பாக்கி."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். எப்போதும் முதலில் 'எல்லாம் நீக்கு' பட்டனை அமுக்குகிறவள் அன்றைக்கு அமுக்கவில்லை. தம்பி துடைத்துவிட்டான் அல்லவா?

அவன் துடைத்தது பெட்டியில் இருந்த வார்த்தைகளை மட்டும்தான்.

"மேடம்" என்றான். அழுகை வந்தால் தேவலை போல இருந்தது. வரவில்லை. கட்டிலிலிருந்து கதவு வரை நடந்துவிட்டு மூச்சு வாங்கும் ஒரு பெண்ணைத்தான் மனசு திரும்பத் திரும்பப் பார்த்தது. அவளை அவன் நேரில் பார்த்ததுகூட இல்லை.

ஸ்டெனோ அவன் தோளில் கை வைத்தார். ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"கவுண்ட்டர்லயே எனக்குத் தோணிடுச்சு. உன் அக்கா முகத்தைப் பார்த்ததும் நிச்சயமாயிடுச்சு. இந்தப் பக்கத்தை நான் இன்னும் நோட்டுல எழுதலை மைக். ஏதோ ஒரு வெளியாள், பேரு தெரியலைன்னு கமிட்டியில சொன்னாலும் மறைச்சாங்கற பழி அவ மேலேர்ந்து போயிடும். உன் அக்கா கண்ணாலயே என்கிட்டக் கேட்டது அதைத்தான்."

"நம்புவாங்களா?"

"பாதி நம்புவாங்க."

"நீக்கச் சொன்னதைத்தான் அதிகமா ஞாபகம் வெச்சிருப்பேன்னு சொன்னீங்க."

"ஆமா" என்றார் ஸ்டெனோ. "வெச்சிருப்பேன்."

மைக் அந்தப் பக்கத்தை அச்செடுத்தான். இந்த முறை டிக்குகளும் தெரியும்படி எடுத்தான். எழுந்து நின்றவன் மறுபடி குனிந்து, யாரும் கேட்காமலே, 'எல்லாம் நீக்கு' பட்டனை அமுக்கிவிட்டு வந்தான்.

மாடியில் அக்கா அவன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். சுவரோரம் அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"அதை என்கிட்டக் குடு."

"மாட்டேன்."

"நாற்காலியை உனக்கு விட்டது நான். பார்க்காம தேடினது நான். டிக் இருக்கான்னு பார்க்கறதுதான் என் வேலை. உன் வேலை இல்ல."

"துடைச்சு வெச்சுட்டேன்னு சொன்னது நான்."

"நீ ஆயிரம் சொல்வே. நான் பார்த்திருக்கணும்." அவள் குரல் உடைந்தது. "இது தெரிஞ்சா உன்னால தூங்க முடியாதுடா. எனக்கு உன்னைத் தெரியும். வெளிய சிரிச்சுக்கிட்டுத் திரிவே, உள்ள செத்துப் போவே. அதுக்குத்தான் சொல்லலை."

"நாலு மாசமா நீ தூங்கினியாக்கா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைத்தான் அவன் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தானே. வேலை போய்விடுமே என்ற கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதற்கும் இரண்டு ஜோக் சொல்லியிருந்தான்.

விசாரணை அறைக் கதவு திறந்து மூடியது. மணி நான்காகப் பத்து நிமிடம். பெஞ்சின் கோடியில் அந்தப் பெண்ணின் அப்பா ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக் அக்காவின் கையை விடுவித்துக்கொண்டு அவரிடம் போனான். காலியாக இருந்த அந்த இடத்தைக் கடந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கண்டுபிடிச்சாச்சா தம்பி?"

"ஆச்சுண்ணே."

"யாரு?"

மைக் காகிதத்தை முழங்காலில் வைத்து நீவினான். அவனிடம் எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். வீட்டுக்காரர் கேட்டாலும் போலீஸ்காரர் கேட்டாலும் பல் வைத்தியர் கேட்டாலும் நாக்கு நுனியில் நிற்கும். இப்போது அங்கே ஒன்றுமே இல்லை.

"நான்தாண்ணே" என்றான். "எங்க அக்கா இல்ல. எங்க அக்கா மிஷின்ல நான் வேற எதையோ தேடினேன். பெரியவங்களைப் பத்தினது மட்டும் காட்டுன்னு ஒரு டிக் போட்டேன். அதை எடுக்காமலே, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்னு சொல்லிட்டு எழுந்தேன். அவ நம்பி உக்காந்தா. அதனால குழந்தைங்களைப் பத்தி எழுதினது எதுவும் அவளுக்குத் தெரியவே இல்ல. பாப்பாகிட்டச் சொல்லணும்னு கேட்டீங்களே. இதுதான் ஏன். இதுக்கு மேல வேற காரணம் எதுவும் இல்லண்ணே."

அவர் காகிதத்தைக் கையில் வாங்கினார். அதில் இருந்த இங்கிலீஷ் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்தச் சின்னக் கட்டத்தையும் அதற்குள் இருந்த டிக்கையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பழக்கப்படி, மைக்கின் கண்ணைப் பார்த்தார். மைக் கண்ணைத் தாழ்த்தாமல் இருந்தான். அது அவன் அன்றைக்குச் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

"இவ்வளவுதானா" என்றார் அவர்.

அது கேள்வியா இல்லையா என்று மைக்குக்குக் கடைசி வரை தெரியவில்லை.

உள்ளேயிருந்து அக்காவின் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுவரோரம் நின்றிருந்த அக்கா கதவை நோக்கித் திரும்பினாள். அவளுக்கு முன்னால் அந்த மனுஷர் எழுந்தார். மைக்கின் மணிக்கட்டை, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையால் இறுகப் பிடித்தார். வலித்தது.

"எங்கிட்டச் சொன்னதை உள்ள வந்து சொல்லு" என்றார். "ஒரு வார்த்தை விடாம சொல்லு. அதுக்கப்புறம் என் பொண்ணுகிட்ட வந்து, நீயே உன் வாயால சொல்லணும்."

பிடியை விடாமலே அவனை உள்ளே அழைத்துப் போனார். பின்னால் ஸ்டெனோ ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பித் தேதி போட்டார்.